சபையில் சொல்ல வேண்டிய தொகை

உடலைச் சுற்றும் கபன் துணியைக் கிழிக்கும் சத்தம் அடுத்த அறையிலிருந்து வந்தபோது, றுஷ்னா அலுமாரியின் கீழ்த்தட்டில் வாப்பாவின் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். மரணத்தைப் பதிவு செய்ய அட்டை இலக்கம் வேண்டும் என்று கிராம சேவகர் முற்றத்தில் காத்திருந்தார். வாப்பாவின் பணப்பையில் அட்டை இல்லை. மருந்துப் பெட்டியிலும் இல்லை. பிறகுதான் நினைவு வந்தது. புதன்கிழமை பிரதி எடுப்பதற்காக அவள்தான் அதை எடுத்திருந்தாள். வரிக் காரியாலயத்தின் நீலக் கோப்புக்குள், கடைசிக் கடிதத்தோடு அது ஊசி குத்தியபடி இருந்தது.

அட்டையைக் கழற்றி வெளியே கொடுத்தனுப்பினாள். கோப்பை மறுபடி உள்ளே வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டாள்.

விடிகாலைச் சுபஹு பாங்கு சொல்லி முடிகிற நேரத்தில் வாப்பா செய்னுதீன் போய்விட்டார். எழுபத்தொரு வயது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தவர். வெள்ளிக்கிழமை என்பதால் ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு அடக்கலாம் என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். “வெள்ளிக்கிழமை மௌத்து. நசீபுள்ள மனுஷன்” என்று வந்தவர்கள் எல்லாரும், அந்த நாளின் சாவைப் பாக்கியமாகக் கருதி, உம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். மாம்புரி முழுவதும் அவரைத் தெரியும். கடலோரத்தில் அவருடைய கருவாட்டு வாடியில் ஊர்ப் பெண்கள் பதினொரு பேர் மீன் வெட்டி, உப்பிட்டு, காய வைத்தார்கள். யுத்தம் முடிந்து வடக்குப் பாதை திறந்ததும் மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் லொறி லொறியாக மீன் வந்தது. இரண்டு வருடத்தில் வியாபாரம் மூன்று மடங்காகியது.

அந்த நல்ல வருடங்களில் ஒன்றுக்குக்கூட அவர் வருமானவரி கட்டவில்லை. றமழான் வந்தால் ஏழைகளுக்கான ஸக்காத்தைச் சதம் பிசகாமல் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். ஐஸ்காரனுக்கு ஒரு நாள் பிந்திக் கொடுத்தால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது. வரியை மட்டும் அவர் கடன் என்று நினைக்கவேயில்லை. நாடு கடனில் மூழ்கி வங்குரோத்தான பிறகு அரசாங்கம் பழைய கோப்புகளைத் தூசி தட்டியபோது நாற்பத்தொரு இலட்சம் என்று கடிதம் வந்தது. வாப்பா அதை மடித்து மேசையின் ஆட்டம் நிற்பதற்குக் காலுக்குக் கீழே வைத்தார்.

எடுத்தது றுஷ்னாதான். உயர்தரத்துக்கு வணிகம் படிப்பிக்கிற ஆசிரியை. கணவர் கத்தாரில். விடுமுறை நாட்களில் காரியாலயத்துக்கு ஐந்து தரம் போனாள். படகுக்காரரின் துண்டுகள், ஐஸ் பில்கள், லொறிக் கூலி எல்லாவற்றையும் அடுக்கிக் காட்டினாள். செலவைக் கழிக்காமல் மதிப்பிட்டிருக்கிறீர்கள் என்று வாதாடினாள். தொகை பதினெட்டு இலட்சத்து அறுபதாயிரமாக இறங்கியது. இருபத்துநான்கு மாதத் தவணைக்கும் சம்மதம் வாங்கினாள். இனி வாப்பாவின் கையெழுத்துத்தான் பாக்கி.

புதன்கிழமை கட்டிலருகே இருந்து அவருக்கு வாசித்துக் காட்டினாள்.

“என்னப் பத்தி எத்தின பக்கம் எழுதி இரிக்காங்க?” என்று கேட்டார்.

“முப்பத்திரெண்டு பக்கம் வாப்பா.”

“என்னப் பெத்த உம்மா கூட என்னப் பத்தி இவ்வளவு கதைச்சதில்ல” என்றார். கூரையைப் பார்த்தபடி சொன்னார்: “அந்த வரிக்காரர வெள்ளிக்கிழம வரச் சொல்லு. கையெழுத்து வெக்கிறன்.”

சொன்னபடி வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்கு அந்த ஆள் வந்தார். வாசலில் கதிரைகளையும் கூடாரத்தையும் கண்டதும் மோட்டார் சைக்கிளைத் தெருவிலேயே நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றினார். உடப்பைச் சேர்ந்த கௌசிகன். வரி உத்தியோகத்தர். நாற்பது வயதிருக்கும். அவருடைய பையில் என்ன இருக்கிறது என்று கூடாரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும்.

“மையத்தக் குளிப்பாட்டவே இல்ல, அதுக்குள்ள வந்துட்டாங்க” என்றார் ரஸாக் மாமா. உம்மாவின் தம்பி. மெதுவாகப் பேசத் தெரியாதவர். “என்ன சேர், மையத்துக்கும் சீல் வெக்கவா?”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார். கௌசிகன் தலைக்கவசத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

றுஷ்னா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள்.

“மாமா, அவர வரச் சொன்னது வாப்பாதான்.”

அவள் படியிறங்கி அவரிடம் போனாள்.

“எனக்குத் தெரியாது மிஸ்” என்றார் அவர். “தெரிஞ்சிருந்தா இண்டைக்கு வந்திருக்க மாட்டன். நான் போறன்.”

“போனா என்ன நடக்கும் சேர்?”

அவர் நிலத்தைப் பார்த்தார். “திங்கக்கிழமை காலையில வழக்குப் போடக் கோப்பு கோட்ஸுக்குப் போகும். அத மறிக்க என்னால ஏலாது. கடைசித் திகதி இண்டைக்குத்தான்.”

“இண்டைக்குக் கையெழுத்து வெச்சுத் தந்தா?”

“வெக்க வேண்டியவர் இல்லையே மிஸ்.”

“நாங்க இரிக்கிறமே.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முருங்கை மரத்தடிக்குப் போய் மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தார். சிங்களத்தில் நடந்த பேச்சில் ‘மளகெதர’ என்ற சொல் இரண்டு தரம் அவள் காதில் விழுந்தது. சாவு வீடு. அவர் குரலைத் தாழ்த்தி, யாரையோ கெஞ்சுவதுபோல் கையை அசைத்துப் பேசினார். திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

“மனைவி, பிள்ளைகள் எல்லாரும் பொறுப்பெடுக்கிறதா ஒரு கடிதம் வேணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் சரிவராது. நாலேகாலுக்கு முன்னால நான் காரியாலயத்தில குடுக்கோணும்.”

“கடிதத்த நான் எழுதுறன். நீங்க இரிங்க சேர்.”

ரஸாக் மாமாவுக்குப் பக்கத்துக் கதிரைதான் காலியாக இருந்தது. கௌசிகன் அதில் உட்கார்ந்தார். மாமா எழும்பி வேறு பக்கம் போனார்.

வாப்பாவை வளவுக்குள் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் றுஷ்னா சாப்பாட்டு மேசையில் இருந்து கடிதத்தை எழுதி முடித்தாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் வந்தது. ‘எமது தந்தையாரின்’ என்று எழுதும்போது மட்டும் பேனா ஒரு கணம் நின்றது. கீழே தன் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்து, உம்மாவின் அறைக்குப் போனாள்.

ஹவ்வா உம்மா வெள்ளை உடுத்துக் கட்டிலில் இருந்தார். பெண்கள் சுற்றி இருந்து யாஸீன் ஓதினார்கள். கடிதத்தைக் கண்டதும் பக்கத்து வீட்டுக் கமீலா றுஷ்னாவின் காதருகே குனிந்தாள்.

“இந்த நேரத்துல இது தேவயா?”

“தேவ” என்றார் ஹவ்வா உம்மா. காது அவருக்கு நன்றாகக் கேட்கும். “வாசி மகள்.”

றுஷ்னா வாசித்தாள். முடிந்ததும் உம்மா மூக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, தன் பெயரை எழுத்தெழுத்தாகக் கோர்த்தார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, “ஸப்ராஸ் வெச்சிட்டானா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்ல.”

“அவன்ட்ட சத்தம் போடாத. அவனுக்கு வாப்பா போன மட்டுந்தான் இப்ப தெரியும். வேற ஒண்டும் தெரியாது.”

ஸப்ராஸ் தண்ணீர்த் தாங்கியின் அருகில் நின்றான். அவளைவிட நான்கு வயது மூத்த அண்ணன். வாப்பாவின் இரண்டு குளிரூட்டி லொறிகளையும் அவன்தான் ஓட்டுகிறான். குளிப்பாட்டிவிட்டு வந்திருந்தான். சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. கற்பூர மணம் அடித்தது. கடிதத்தை அவள் நீட்டியபோது கையைத் துடைத்தான். ஆனால் வாங்கவில்லை.

“மௌத்தானவருக்கு என்ன வரி? அவரோட அது முடிஞ்சிது.”

“முடியல்ல நானா. வாடி வாப்பாட பேர்ல இரிக்கி. அதப் புடிப்பாங்க.”

“புடிக்கட்டுமே. ஏலத்துக்கு எடுக்க இந்த ஊர்ல ஒருத்தன் வர மாட்டான்.”

“இந்த ஊர்ல வர மாட்டாங்கதான். ஹோட்டல் கட்டக் கடக்கரக் காணி தேடித் திரியிறவன் வருவான். பொறகு அந்தப் பதினொரு பொம்புளயளும் அவன்ட கட்டில் விரிப்புக் கழுவுவாங்க.”

ஸப்ராஸ் தாங்கியின் குழாயை இறுக்கினான். ஏற்கெனவே அது இறுகித்தான் இருந்தது.

“வாப்பா கையெழுத்து வெக்கிறன் எண்டு சொன்னது உன்னட்ட மட்டும்தானே.”

“ஓம். நான் பொய் சொல்றன் எண்டு நினைக்கிறீங்களா?”

அவன் கூடாரத்தின் பக்கம் பார்த்தான். அங்கே கதிரை இழுபடும் சத்தம் வந்தது.

“தவணைக்கு லொறிச் சல்லி போறதுதான் பிரச்சின எண்டா சொல்லுங்க. என்ட சம்பளத்துல பாதி தாறன்.”

“சல்லி இல்ல.” அவன் குரல் இறங்கியது. “காலயில நீ சொன்னாயே, வரியயும் சபையில சொல்லச் சொல்லி. அதுதான். மையத்துத் தொழுகைக்கு முன்னால நான் எழும்பி, கடன் இரிந்தாக் கேளுங்க எண்டு சொல்லணும். சரி. சொல்லுவன். ஜும்ஆவுக்கு வந்த ஊர் முழுக்க இரிக்கிற நேரம், எங்க வாப்பா வரி கட்டாதவர் எண்டு என்ட வாயாலயே சொல்லவா? வாப்பா கெடக்கிற ஸந்தூக்க முன்னால வெச்சிக்கிட்டா?”

“வாப்பா உங்களுக்குச் சொன்ன கடன் எல்லாம் எழுதி வெச்சிரிக்கிறீங்கதானே. அதுல ஆரு ஆரு?”

“கந்தக்குளிப் படகுக்காரர். ஐஸ் கடை.” கொஞ்சம் தயங்கினான். “சலூன் பாபர். முகம் வழிச்சதுக்கு அறுநூறு.”

“பாபர்ட அறுநூறச் சபையில சொல்லுவீங்களா?”

“சொல்லாம?”

“அப்ப இத ஏன் ஏலா?”

“அது மனுஷனுக்குக் குடுக்கிற கடன். இது கவர்மண்ட்.”

“அதான் நானும் சொல்றன். மனுஷனுக்குக் குடுக்க இரிந்தா அவன் மாப்பாக்குவான். பாபர் எழும்பி விட்டுட்டன் எண்டு சொல்லுவார். கவர்மண்டுக்காக ஆரு எழும்பி மாப்புத் தார? வெளியில இரிக்கிறாரே, அவரா? அவர்ட சல்லியா அது? எல்லார்டயும் சல்லி நானா. ஆஸ்பத்திரியில வாப்பாக்கு ரத்தம் சுத்திகரிச்சாங்களே, ஒரு சதம் வாங்காம, அந்தச் சல்லி. ஒவ்வொருத்தர்ட்டயாப் போய் உங்களால மாப்புக் கேக்க ஏலுமா?”

“ஸ்கூல்ல படிப்பிக்கிற மாதிரி என்னட்டக் கதைக்காத.”

“நபியவங்க கடன் இரிந்த மையத்துக்குத் தொழுவிக்காம…”

“தெரியும்” என்றான். “எனக்கும் அந்த ஹதீஸ் தெரியும்.” நனைந்த சட்டைக் கையை மடித்துக்கொண்டே முன்பக்கம் போனான். “அடக்கிட்டு வந்து கதைப்பம்.”

“அடக்கின பொறகு சபை கலைஞ்சிரும்” என்றாள் அவள். அவன் திரும்பவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஸந்தூக்கைத் தூக்கினார்கள். முன்பக்கத்தில் வலது தோளில் ஸப்ராஸ். ‘லாயிலாஹ இல்லல்லாஹ்’ தெரு முனை திரும்பும்வரை கேட்டது. கூட்டத்தின் கடைசியில், சப்பாத்தைக் கையில் எடுத்தபடி கௌசிகன் நடப்பதை ஜன்னலால் றுஷ்னா கண்டாள். போகத் தேவையில்லாத மனிதர். யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பெண்கள் மட்டும்தான். ஓலைப் பாயில் நெருக்கமாக இருந்தார்கள். நுரைச்சோலைப் பக்கம் மின்னிலையத்தின் புகைக்கூண்டு வெயிலில் தெரிந்தது. பிரசங்கம் ஒலிபெருக்கியில் ஓடியது. அதில் ஒரு சொல்கூட றுஷ்னாவின் மனதில் நிற்கவில்லை. ஆனால் அவள் பதறவுமில்லை. கடிதத்தின் மூன்றாவது கோடு வெறுமையாக இருந்தது. அண்ணன் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியும். எட்டு வயதில் கல்லெறிந்து பள்ளிக்கூடக் கண்ணாடியை உடைத்துவிட்டு, யாரும் காணாதபோதும் தானே அதிபரிடம் போய்ச் சொன்னவன். ஆனால் போவதற்கு அவனுக்கு இரண்டு நாள் எடுத்தது. இன்றைக்கு இருப்பது அரை மணித்தியாலம்.

ஜும்ஆ முடிந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. மௌலவி, மர்ஹூம் செய்னுதீனின் மகன் பேசுவார் என்று அறிவித்தார். பாயில் இருந்த பெண்கள் ஓதுவதை நிறுத்தினார்கள்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.” ஸப்ராஸின் குரல்தான். மிக அருகில் பிடித்த ஒலிவாங்கியில் அவன் மூச்சும் கேட்டது. “எங்க வாப்பா ஆருக்காவது மனம் நோகக் கதைச்சிரிந்தா மன்னிச்சிக்கொள்ளுங்க. ஆருக்காவது கடன் குடுக்க இரிந்தா என்னட்டக் கேளுங்க. எனக்குத் தெரிஞ்ச கடன நானே சொல்றன்.”

படகுக்காரரின் பெயரையும் தொகையையும் சொன்னான். தூரத்தில் ஒரு முனகல். மௌலவி அதை எடுத்துச் சொன்னார்: “மாப்பாக்கிட்டாராம்.”

ஐஸ் கடை. “அவரும் மாப்பாக்கிட்டாராம்.”

பாபர். இந்த முறை மௌலவி தேவைப்படவில்லை. “விட்டுட்டன் தம்பி, விட்டுட்டன், நான் அத மறந்தே போன!” என்று பாபர் போட்ட சத்தம் நேராகவே ஒலிவாங்கியில் விழுந்தது. கமீலா அழுகையின் நடுவே சிரித்தாள்.

பிறகு ஒன்றும் இல்லை.

ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது. அது அணைக்கப்படவில்லை. பள்ளிவாசலில் யாரோ இருமினார். ஒரு பெண் பாயில் கையூன்றி எழும்பப் பார்த்தாள். முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். ஹவ்வா உம்மா அறைக்குள்ளிருந்து, “இரி” என்றார்.

“இன்னொண்டு இரிக்கி” என்றது குரல்.

றுஷ்னா நிமிர்ந்தாள்.

“வாப்பா அரசாங்கத்துக்கு வரி கட்ட இரிக்கி. பதினெட்டு லச்சத்தி அறுபதாயிரம்.” மூச்சு வாங்கும் சத்தம். “இதுக்கு மாப்புத் தர ஒருத்தரால ஏலா. இது எல்லார்டயும் சல்லி. உங்கடயும்தான். அதனால நான் மாப்புக் கேக்கல்ல. நானும் என்ட தங்கச்சியும் கட்டி முடிக்கிறம். வாப்பாட கழுத்துல இருந்த கடன் இப்ப எங்கட கழுத்துல. இதுக்கு நீங்க எல்லாரும் சாட்சி.”

பிறகு தொழுகை வரிசைகளைச் சரிசெய்யும் மௌலவியின் குரல், எப்போதும்போல்: “ஸஃபுகள நேராக்கிக்கொள்ளுங்க.” மையத்துத் தொழுகையின் முதல் தக்பீர் எழுந்தது. றுஷ்னா நான்கையும் எண்ணினாள். நான்காவது முடிந்த பிறகுதான், தான் கமீலாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. வளையல் பதிந்து கமீலாவின் கை சிவந்திருந்தது.

“விடுடி, எலும்பு முறியப் போவுது” என்றாள் கமீலா, மெதுவாக.

இரண்டு மணிக்கு ஆண்கள் திரும்பினார்கள். ஸப்ராஸின் காலிலும் சாரத்திலும் கபுறடி மண். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் நேராக விறாந்தை மேசைக்கு வந்து, “எங்க?” என்றான். அவள் கடிதத்தை வைத்து, விரலால் கோட்டைக் காட்டினாள். அவன் வாசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டான். பேனாவை வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, கையெழுத்துக்குக் கீழே திகதியையும் எழுதினான்.

“திகதி தேவயில்ல நானா. மேல இரிக்கி.”

“இரிக்கட்டும்.”

கௌசிகன் கடிதத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துக் கோப்பில் வைத்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். காரியாலயத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும்.

“எங்க போறீங்க?” என்று பின்னால் இருந்து குரல் வந்தது. ரஸாக் மாமா. தலைக்கவசத்தை அவர் எடுத்துத் தன் கக்கத்தில் வைத்திருந்தார். “மௌத்து வீட்டுக்கு வந்தவர் வெறும் வயித்தோட போக ஏலா. பத்து நிமிஷம் இரிங்க. சோத்துக்கு வரி இல்ல.”

அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. கமீலாவின் வீட்டிலிருந்தும் பக்கத்துத் தெருவிலிருந்தும் சாப்பாடு வந்திருந்தது. நாலைந்து பேர் சுற்றி இருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய சஹன் தட்டுகளில் சோற்றைக் கொட்டி, மேலே கறிகளை வைத்திருந்தார்கள். விறாந்தையில் விரித்த பாயில் ஸப்ராஸ் உட்கார்ந்தான். மாமா கௌசிகனின் கைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அவரைத் தனக்கும் மருமகனுக்கும் நடுவில் இருத்தினார். அவருக்கு முன்னால் இருந்த பக்கத்தில் பொரித்த அறுக்குளா மீன் அடுக்கியிருந்தது.

கௌசிகனின் கை சோற்றுக்கு மேல் நின்றது.

“குறை நினைக்காதீங்க” என்றார். “வெள்ளிக்கிழமையில நான் மச்ச மாமிசம் சாப்பிடுறதில்ல.”

மாமா வாயைத் திறந்தார். ஏதோ பகிடி வரப்போகிறது என்று திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற றுஷ்னா நினைத்தாள். மாமா அதை விழுங்கிக்கொண்டார்.

காலையிலிருந்து ஸப்ராஸ் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. எடுத்த முதல் கவளத்தைத் திரும்பச் சோற்றில் வைத்தான். சஹனின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்தான். பருப்பும் கத்தரிக்காயும் இருந்த பக்கம் கௌசிகனுக்கு நேரே வரும்வரை, சோறு சிந்தாமல், மெதுவாக அதைத் திருப்பினான்.